விதையும் கம்பைலரும் கண்ட இடத்துல வாங்கலாமா?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னிக்கு ஒரு டெக்னிக்கல் மேட்டர். பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம், நடுநடுவுல வெள்ளாமையும் வரும் :-)

லினக்ஸ்ல புது கம்பைலர் வேணும்னா இப்ப எல்லாரும் சொல்ற வழி ஒண்ணுதான். தேடு, யாரோ எழுதி வச்ச மூணு வரி கமாண்டை காப்பி அடி, டெர்மினல்ல ஒட்டு, பாஸ்வேர்டு குடு, முடிஞ்சது ஜோலி. அந்த மூணு வரியில முதல் வரி என்ன பண்ணுதுன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாய்ங்க. அது ஒரு மூணாவது ஆளோட ரெப்போசிட்டரியை, அதாவது அவர் வச்சிருக்கிற மென்பொருள் குடோனை, உங்க மிஷினோட நிரந்தரமா இணைக்குது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அப்படி இணைக்கிறது தப்பில்ல. பல சமயம் வேற வழியும் இல்ல. ஆனா அதை ஏதோ ஒரு மென்பொருள் நிறுவுற மாதிரி நினைச்சு பண்றதுதான் தப்பு. அது ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து வீட்டுல குடி வச்சு, சாவிக்கொத்தையும் கையில குடுக்கிற காரியம். யாரு எவருன்னு விசாரிக்காம செய்யக் கூடாது.

ஏன்னா, ஒரு பேக்கேஜ் நிறுவும்போது அதுக்குள்ள இருக்கிற ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்துல ஓடும். உங்க மிஷின்ல என்ன வேணா செய்யலாம். அதோட முடிஞ்சுதா? நாளைக்கு அப்டேட் போடும்போது அதே குடோன்ல இருந்து புது சரக்கு தானா வந்து இறங்கும். இன்னிக்கு நல்லவரா இருக்கிறவர் நாளைக்கு அந்தக் குடோனை யார் கையில குடுப்பார்னு யாருக்குத் தெரியும்?

கம்பைலர்ல மட்டும் என்ன விசேஷம்?

பாட்டு கேக்குற சாஃப்ட்வேரை எங்கிருந்தோ இறக்குறதுக்கும், கம்பைலரை எங்கிருந்தோ இறக்குறதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. எங்க ஊர் பாஷையில சொல்றேன்.

நம்மூரு அருப்புக்கோட்டை திருச்சுழிப் பக்கம். கருசக்காடு, மானாவாரி. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி. எல்லாம் ஐப்பசி மழையை நம்பித்தான். கெட்டுப் போன அரிசியை வாங்கிட்டா ஒரு வேளை சோறு போச்சு, வேற கடையில வாங்கிக்கலாம். கெட்ட விதையை வாங்கிட்டா? வாங்குன அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. விதைச்ச அன்னிக்கும் தெரியாது. முளைக்கும்போதோ காய்க்கும்போதோதான் தெரியும். அதுக்குள்ள மழை போயிருக்கும். ஒரு வருச வெள்ளாமையே காலி.

கம்பைலர் விதை மாதிரி. நாம எழுதுற கோடு எல்லாமே அது வழியாத்தான் மிஷின் பாஷைக்கு மாறி வெளிய போகுது. எடிட்டர்ல வில்லங்கம் இருந்தா பெரும்பாலும் எனக்குத்தான் நட்டம். கம்பைலர்ல வில்லங்கம் இருந்தா நான் செஞ்சு குடுத்த மென்பொருளை ஓட்டுற அத்தனை பேருக்கும் நட்டம். அவங்களுக்கு நான் எந்தக் குடோன்ல சரக்கு எடுத்தேன்னே தெரியாது. அவங்க நம்புறது என்னை.

சும்மா பூச்சாண்டி காட்டுறேன்னு நினைக்காதீங்க. யுனிக்ஸை உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கென் தாம்சன், 1983-க்கான டூரிங் விருது வாங்கினப்ப குடுத்த உரையே இதைப் பத்தித்தான். 1984-ல அச்சுல வந்துச்சு. லாகின் புரோகிராமை கம்பைல் பண்ணும்போது மட்டும் ஒரு கள்ளச் சாவியைச் சேர்த்து விடுற கம்பைலரை எப்படிச் செய்யலாம்னு விளக்குனார். அதை விட பயங்கரம் என்னன்னா, அந்தக் கம்பைலர் தன்னைத்தானே மறுபடி கம்பைல் பண்ணும்போதும் அந்தத் திருட்டுத்தனத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்திரும். சோர்ஸ் கோடுல தேடினா ஒரு வரி கூட சிக்காது. கெட்ட விதையில இருந்து விதை எடுத்தா அதுவும் கெட்ட விதைதானே?

இது பேச்சுல மட்டும் இருந்த விசயமும் இல்ல. 2015 செப்டம்பர்ல சீனாவுல நிஜமாவே நடந்துச்சு. ஐபோன் ஆப் எழுத ஆப்பிளோட எக்ஸ்கோடு வேணும். அது பல ஜிபி. ஆப்பிள் தளத்துல இருந்து சீனாவுக்கு இறங்க ரொம்ப நேரம் ஆகும். சரின்னு பல டெவலப்பர்கள் பைடு கிளவுடுல யாரோ ஏத்தி வச்சிருந்த காப்பியை இறக்குனாங்க. அது கலப்படச் சரக்கு. அதுல கம்பைல் ஆன ஆப்புக்குள்ள எல்லாம் திருட்டுக் கோடு ஒட்டிக்கிச்சு. எக்ஸ்கோடு கோஸ்ட்னு பேரு வச்சாங்க. வீசாட்டோட ஒரு வெர்சனே அதுல மாட்டுச்சு. ஆப் ஸ்டோர்ல இருந்து ஆப்பை எல்லாம் அள்ளித் தூக்க வேண்டியதாப் போச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த டெவலப்பர்கள் கெட்டவங்க இல்ல. அவங்க லைன் ஸ்லோ, அவ்வளவுதான். நம்மூர்ல மொபைல் டேட்டாவை வச்சு, டவர் கிடைக்கிற இடத்துல நின்னு ஐஎஸ்ஓ இறக்குற பயலுகளுக்கு அந்த அவசரம் நல்லாவே புரியும்.

அப்ப பழசையே வச்சுக்கிட்டு அழ வேண்டியதுதானா?

இல்ல. அங்கதான் நான் "அதிகாரபூர்வ ரெப்போவை விட்டுத் தாண்டவே கூடாது"ங்கிற பெருசுகளோட ஒத்துப்போக மாட்டேன்.

உபுண்டு 22.04-ஐ எடுத்துக்குங்க. அதுல தானா வர்ற ஜிசிசி 11. அதோட சொந்த ரெப்போவுல 12 வரைக்கும் உண்டு. ஆனா சி பிளஸ் பிளஸ் 20-ல வந்த ஃபார்மேட் வசதி ஜிசிசி 13-லதான் வந்துச்சு. சென்ட்ஓஎஸ் 7-ல நிலைமை இன்னும் மோசம், ஜிசிசி 4.8. 2024 ஜூன் 30-ல அதுக்கு ஆதரவே முடிஞ்சு போச்சு, ஆனாலும் அதை வச்சு ஓட்டுற சர்வர் இன்னும் ஊரெல்லாம் இருக்கு. 2020-ல வந்த வசதியை அதுக்குப் பல வருசம் கழிச்சும் ஒரு பையன் எழுதிப் பார்க்க முடியலன்னா அவன் எப்படி வேலைக்குப் போவான்? சிட்டிப் பசங்களோடதானே அவனும் இன்டர்வியூல உட்காரணும்? நம்ம பக்கத்துல பல பேர் டர்போ சி-ல, அதாவது 1990-கள் தொடக்கத்துச் சரக்குல, புரோகிராம் கத்துக்கிட்டு வந்தவங்க. புதுசு வேணும்னு கேக்குறவனைத் திட்ட எனக்கு மனசு வராது.

என் சித்தப்பா மகன் இன்ஜினியரிங் மூணாவது வருசம். போன மாசம் போன் போட்டான்.

"அண்ணே, லேப்டாப்புல ஜிசிசி 13 போட்டேன். புரோகிராம் சூப்பரா ஓடுது. பெண் டிரைவுல எடுத்துட்டுப் போயி லேப் மிஷின்ல போட்டா ஓட மாட்டேங்குதுண்ணே."

"என்ன எர்ரர்டா சொல்லுது?"

"ஏதோ ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 காணோம்ங்குது. லேப்ல கேட்டா உன் கோடு தப்புங்கிறாய்ங்க."

கோடு தப்பில்ல. அவன் சேர்த்தது உபுண்டு டூல்செயின் டெஸ்ட் பிபிஏ. அது ஜிசிசி 13-ஐ மட்டும் கொண்டு வராது. சி பிளஸ் பிளஸ் புரோகிராம் எல்லாத்துக்கும் பொதுவா இருக்கிற லைப்ரரியையும் சேர்த்து புதுசாக்கிரும். புது லைப்ரரிக்கு பழைய புரோகிராம் புரியும், அதனால இவன் லேப்டாப்புல எதுவும் உடையல. ஆனா புதுசுல செஞ்ச புரோகிராமை பழைய லைப்ரரி இருக்கிற மிஷின்ல போட்டா அதுக்குப் புரியாது. 22.04-ல இருக்கிறது 3.4.30 வரைக்கும்தான். லேப்ல அதான் கதை.

லிங்க் பண்ணும்போது அந்த லைப்ரரியை புரோகிராமுக்குள்ளயே கட்டி வைக்கிற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, ஸ்டேட்டிக்னு சொல்வாங்க. அதைப் போடச் சொன்னேன், ஓடிருச்சு. அப்புறம் கேட்டேன், "தம்பி, எதுக்குடா ஜிசிசி 13?" "ஃபார்மேட் வேணும்ணே." அட கூறுகெட்டவனே! அந்த ஃபார்மேட் வசதியே எஃப்எம்டிங்கிற லைப்ரரியில இருந்து பிறந்ததுதான். அது பழைய கம்பைலர்லயும் ஓடும், உபுண்டுவோட சொந்த ரெப்போவுலயே கிடைக்குது. அதுக்கு கம்பைலரை மாத்த வேண்டிய அவசியமே இல்ல. ஒரு கத்தரிச் செடிக்குத் தண்ணி வேணும்னு கண்மாயை வெட்டி விட்ட கதை.

மூணாவது ஆள்னா யாரு?

"மூணாவது ஆள்"னு ஒரே கூடையில எல்லாரையும் போடுறதும் சரியில்ல. நம்ம தமிழ்நாட்டு இலவச லேப்டாப் திட்டம் 2011-ல ஆரம்பிச்சப்ப விண்டோசோட பாஸ் லினக்சும் போட்டுக் குடுத்தாங்க. பாஸ் என்ன? டெபியனை எடுத்து சி-டாக் நிறுவனம் நமக்காக மாத்திக் குடுத்தது. டெபியன்காரரைக் கேட்டா சி-டாக்கே மூணாவது ஆள்தான். அதுக்காக அது ஆபத்தாயிருமா? கேள்வி எத்தனாவது ஆள்ங்கிறது இல்ல. யாரு, எங்க உட்கார்ந்திருக்காரு, பிரச்சினைன்னா யாரைப் பிடிச்சுக் கேக்கலாம், இதான் கேள்வி.

விதைக்கு இந்தக் கேள்வியை நம்ம நாடு எப்பவோ கேட்டு பதிலும் வச்சிருக்கு. 1966-ல விதைச் சட்டம் வந்துச்சு. வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. அட்டையில ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், காலாவதி தேதி எல்லாம் இருக்கும். முளைக்கலன்னா அட்டையும் பில்லும் எடுத்துட்டுப் போயி கேக்கலாம். எங்க ஊர்ல பெருசுங்க விதைப் பையைப் பிரிக்கும்போது அட்டையைக் கிழிச்சு எறிய மாட்டாங்க, பத்திரமா எடுத்து வைப்பாங்க. அது ஏன்னு சின்ன வயசுல புரியல, இப்பப் புரியுது.

ரெப்போவுல அந்த அட்டைதான் ஜிபிஜி கையெழுத்து. ஆனா ஒண்ணு, அட்டை சொல்றது "இது இன்னார் கட்டுன மூட்டை, நடுவுல யாரும் பிரிக்கல"ங்கிறதை மட்டும்தான். இன்னார் நல்லவர்ங்கிறதை அது சொல்லாது. அதை நாமதான் விசாரிக்கணும். பல பேர் "கீ சேர்த்தாச்சு, அப்ப சேஃப்"னு நினைக்கிறாய்ங்க. அது அட்டை எந்தக் கலர்னு பார்க்காம, அட்டை இருக்குன்னு மட்டும் பார்த்து வாங்குற மாதிரி.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் தரம் பிரிச்சா இப்படி வரும்:

1. டிஸ்ட்ரோவே குடுக்கிறது. ரெட் ஹேட்டோட டெவலப்பர் டூல்செட் இதுக்கு நல்ல உதாரணம். புது ஜிசிசி-யை சிஸ்டத்தோட கலக்காம தனி ஃபோல்டர்ல வைக்கும். வேணும்போது மட்டும் எழுப்பிக்கலாம். அதுல செஞ்ச புரோகிராம் பழைய சிஸ்டத்துலயும் ஓடணும்னு யோசிச்சே செஞ்சிருக்காங்க. ரெட் ஹேட் 8-ல இருந்து ஜிசிசி டூல்செட்னு பேரு. என்னைக் கேட்டா எல்லா டிஸ்ட்ரோவும் இப்படித்தான் செய்யணும்.

2. கம்பைலரை எழுதுறவங்களே குடுக்கிறது. கிளாங் வேணும்னா எல்எல்விஎம் திட்டமே டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் ரெப்போ நடத்துது.

3. டிஸ்ட்ரோவுல அந்த வேலையைப் பார்க்கிறவங்க பக்கத்துல நடத்துறது. உபுண்டு டூல்செயின் பிபிஏ இந்த ரகம். ஆள் நம்பகமானவங்க. ஆனா பேருலயே "டெஸ்ட்"னு இருக்கு, அதைப் படிக்காம போடாதீங்க.

4. பேரு தெரியாத ஒருத்தரோட பிபிஏ. லாஞ்ச்பேட்ல கணக்கு வச்சிருக்கிற யாரு வேணா பிபிஏ திறக்கலாம். அவர் தங்கமான மனுசனாவே இருக்கலாம். ஆனா அவர் வேலை மாறிட்டா, கல்யாணம் ஆயிட்டா, அலுத்துப் போயிட்டா? ரெப்போ அப்படியே அநாதையா நிக்கும்.

இதுல நாலாவது வேண்டவே வேண்டாம்ங்கிறது என் கட்சி.

"ஆபீசியல் மட்டும் யோக்கியமா?"

கேப்பீங்கன்னு தெரியும். 2024 மார்ச் 29-ம் தேதி ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினியர், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டிப் பார்த்து எக்ஸ்இசட் லைப்ரரியில இருந்த கள்ளக் கதவைக் கண்டுபிடிச்சார். ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தர் இரண்டு வருசத்துக்கு மேல நல்ல பிள்ளையா வேலை பார்த்து, நம்பிக்கையைச் சம்பாதிச்சு, அப்புறம் சொருகுனது. அது டெபியனோட டெஸ்டிங் வரைக்கும், ஃபெடோராவோட பீட்டா வரைக்கும் போயிருச்சு. எல்லாம் அதிகாரபூர்வ ரெப்போதான்.

ஒத்துக்கிறேன். ஆனா அதுலயே பாருங்க, டெபியன் ஸ்டேபிளுக்கு அது வரல. நாம "பழைய பஞ்சாங்கம்"னு கிண்டல் பண்ற அந்த தாமதம்தான் காப்பாத்துச்சு. பல கண்ணு பார்க்கிற இடத்துலயே இம்புட்டு நடந்துச்சுன்னா, ஒரே ஒரு ஆள் மட்டும் பார்க்கிற குடோன்ல நடந்தா யாரு கண்டுபிடிப்பா? அதனால இந்த உதாரணம் என் கட்சிக்குத்தான் பலம்.

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

நான் தம்பிக்குச் சொன்னதை அப்படியே இங்கயும் எழுதிடறேன்.

ஒண்ணு, எந்த வசதிக்காகப் புது கம்பைலர் வேணும்னு ஒரு வரியில எழுதிப் பாரு. எழுத முடியலன்னா தேவை இல்ல. எழுத முடிஞ்சா, அதுக்கு லைப்ரரி இருக்கான்னு பாரு.

இரண்டு, கன்டெய்னர்ல போட்டு ஓட்ட முடியுமான்னு பாரு. ஜிசிசி-யோட டாக்கர் இமேஜ் விரிஞ்சா ஒரு ஜிபிக்கு மேல வரும், டவுன்ல வைஃபை கிடைக்கும்போது ஒரு தடவை இறக்கி வச்சுக்கோ. உன் சிஸ்டத்தைத் தொடாது, வேண்டாம்னா ஒரே கமாண்டுல போயிரும்.

மூணு, ரெப்போ சேர்த்தே ஆகணும்னா பழைய ஏபிடி-கீ முறையில சாவியைச் சேர்க்காதே. அப்படிச் சேர்த்தா அந்தச் சாவி எல்லா ரெப்போவுக்கும் செல்லும். சைன்ட்-பைன்னு எழுதி அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் கட்டிப் போடு. பின்னிங் போட்டு, கம்பைலரும் அதுக்குத் தேவையானதும் தவிர வேற பேக்கேஜ் அங்கிருந்து வராத மாதிரி வேலி கட்டு.

நாலு, சிஸ்டத்தோட இயல்பான ஜிசிசி-யை மாத்தாதே. கெர்னல் மாட்யூல் எல்லாம் கம்பைல் ஆகும்போது முரண்டு பிடிக்கும். ஜிசிசி-13-னு முழுப் பேர் சொல்லிக் கூப்பிடு.

அஞ்சு, வேலை முடிஞ்சா குடி வச்ச ஆளைக் காலி பண்ணு. பிபிஏ-பர்ஜ்னு ஒரு டூல் இருக்கு, ரெப்போவையும் எடுத்துட்டு பேக்கேஜையும் பழைய வெர்சனுக்குத் திருப்பிரும்.

இதெல்லாம் ஒரு மாணவன் தனியா உட்கார்ந்து கத்துக்கணும்னு எதிர்பார்க்கிறது நியாயமில்லைங்கிறதுதான் என்னோட கடைசிப் பாயிண்ட். விவசாயிக்கு நல்ல விதை எதுன்னு சொல்ல கோவிலாங்குளத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. விதைக்குச் சான்று குடுக்க ஒரு துறையே இருக்கு. "நீயே ஊர் ஊரா அலைஞ்சு பார்த்து வாங்கிக்கோ"ன்னு யாரும் விடுறதில்ல. ஆனா பசங்களை மட்டும் "யூடியூப்ல பார்த்து போட்டுக்கோ"ன்னு விட்டுடறோம். ஒவ்வொரு காலேஜ் லேப்லயும், ஒவ்வொரு சின்னக் கம்பெனியிலும் விவரம் தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்து, விசாரிச்ச கம்பைலரை ஒரு உள்ளூர் மிரர்ல வச்சுக் குடுத்தா போதும். ஒரு பழைய டெஸ்க்டாப்பும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்தான் செலவு. பையனுக்கு டேட்டா மிச்சம், லேப்புக்கும் லேப்டாப்புக்கும் ஒரே வெர்சன், "உன் கோடு தப்பு"ன்னு திட்டு வாங்கவும் வேண்டாம்.

லேப் நடத்துறவங்க, கம்பெனியில சிஸ்டம் பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு தடவை யோசிங்க. உங்க இடத்துல இப்படி மிரர் வச்சிருந்தா எப்படி நடத்துறீங்கன்னு எழுதுங்க, நாலு பேருக்குப் பயன்படும்.

டிஸ்கி: "ஜிசிசி-யை சோர்ஸ்ல இருந்தே கம்பைல் பண்ணிக்கலாமே"ன்னு கேக்கப் போற மகா ஜனங்களே, தாராளமா பண்ணுங்க. ஆனா பழைய லேப்டாப்புல மணிக்கணக்கா ஓடும். நடுவுல கரண்ட் போனா கம்பெனி பொறுப்பல்ல :-)